அறுபது நாள் அவகாசம்

தர்மபுரி மாவட்டத்து இண்டூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் குவாரி, கிரஷர் விஷயமாக என்னிடம் வருகிறவர்கள், உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி "ஸ்டே வாங்க முடியுமா, சார்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் தர்மபுரி கோர்ட்டிலோ, சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்திலோ முடிவாவது குறைவு. பெரும்பாலும் அது சில வருடங்களுக்கு முன்பே, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஏதோ ஒரு வரைவு அறிவிக்கையில் முடிவாகிப் போயிருக்கும். எத்தனை ஹெக்டேரைத் தாண்டினால் மக்களைக் கேட்க வேண்டும், கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் போட வேண்டும், விதிமீறலை யார் புகாராகத் தரலாம் என்பதெல்லாம் முதலில் வரைவாக அரசிதழில் வருகிறவை. ஆட்சேபணை சொல்ல நமக்கு அறுபது நாள் உண்டு. அந்த அறுபது நாளும் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல வக்கீலைப் பிடித்தாலும் அவர் வாதாடப் போவது அடுத்தவர் வகுத்த எல்லைக்குள்தான்.

நான் சிவில் பக்கம் தொழிலைத் தொடங்கியவன். பாகப்பிரிவினை, வழித்தட வழக்கு, பட்டா மாறுதல் என்றுதான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மேட்டு நிலம். மழை பெய்தால் ராகி, கொள்ளு, துவரை. கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி, பூ. மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கக் காவிரித் தண்ணீர் கிடைத்தாலும் பயிருக்குக் கிணறுதான். அந்தக் கிணற்றுக்கு அரை கிலோமீட்டரில் பாறையை உடைக்க வேட்டு வைக்கிறார்கள் என்றால், வரப்புத் தகராறுக்கு என்னிடம் வந்தவர் அதற்கும் என்னிடம்தான் வருவார். இந்த வழக்குகளுக்குள் நான் வந்த வழி அதுதான்.

வந்த பிறகு முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை. இண்டூர் பக்கம் ஒரு கரட்டில் கல் எடுக்கக் குத்தகை தருவது மாநில அரசு. அதற்கான விதிகள் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கூடாது என்பது அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் குவாரிக்கு வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதி மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் கலந்துகொண்டதை அடிப்படையாக வைத்து, சர்வதேச உடன்பாடுகளை நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 253-ஆம் பிரிவின் கீழ் 1986-இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 42-ஆவது திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியிருந்தது. ஆக, கல் மாநிலத்தின் கையில். அதை எடுக்கலாமா என்பதை முடிவு செய்யும் நடைமுறை மத்திய அரசின் கையில். அந்த நடைமுறையும் சட்டத்துக்குள் இல்லை. சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் அறிவிக்கைகளில் இருக்கிறது. 1994-இல் ஒன்று, அதை மாற்றி 14 செப்டம்பர் 2006-இல் ஒன்று. நாங்கள் தினமும் புரட்டுவது இந்த 2006 அறிவிக்கையைத்தான். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இல்லாமல், ஒரு அமைச்சகத்தின் கையெழுத்தில் மாறக்கூடிய விஷயம் இது. மாறியிருக்கிறது, எண்ணிச் சொல்ல முடியாத தடவை.

அதனால்தான் அறுபது நாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டு விதிகளில் 5(3) என்று ஒரு விதி: அறிவிக்கை வெளியிடும் முன் வரைவை அரசிதழில் போட வேண்டும், அறுபது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும். அடுத்த உட்பிரிவே, பொதுநலன் கருதி இந்த நோட்டீஸைத் தவிர்க்கலாம் என்று அரசுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த இரண்டு உட்பிரிவுகளுக்கு நடுவில்தான் எங்கள் தொழிலின் பாதி நடக்கிறது.

ஒரு குவாரி வழக்கை எப்படிப் பார்ப்போம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே நடக்கிற மாற்றம் கீழே எப்படி வந்து இறங்குகிறது என்பது அதில்தான் தெரியும். 5 ஹெக்டேருக்குக் கீழ் உள்ள சிறுகனிமக் குத்தகைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றுதான் முன்பு இருந்தது. 27 பிப்ரவரி 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதற்கும் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றது. துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகை எடுத்து அனுமதியைத் தவிர்க்கிறார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு கண்டுகொண்டது. 2016 ஜனவரியில் மத்திய அரசு அதற்குப் பதிலாக ஒன்றைக் கொண்டுவந்தது: 5 ஹெக்டேர் வரையிலான குத்தகைகளுக்குக் கலெக்டர் தலைமையிலேயே மாவட்ட அளவில் ஒரு ஆணையம். குத்தகை தருகிற அலுவலகமே அனுமதியும் தரும் என்றானது. 13 செப்டம்பர் 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. அதன் பிறகு கோப்புகள் மாவட்டத்தை விட்டுச் சென்னைக்கு, மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போயின. அதே உத்தரவால்தான், அடுத்தடுத்த குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டு மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும் என்ற நிலையும் வந்தது.

இப்போது ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் பரப்பு 4.8 ஹெக்டேர், 4.9 ஹெக்டேர் என்று இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணை அல்ல, கிராம வரைபடத்தை. ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லை 500 மீட்டருக்குள் இருந்தால் இரண்டும் ஒரே தொகுப்பு. எல்லையிலிருந்து எல்லை என்பதுதான் விதி. விண்ணப்பத்தோடு வருகிற வரைபடத்தில் சில சமயம் குழியின் நடுவிலிருந்து அளந்திருப்பார்கள். சர்வே நம்பருக்கான புலப்படத்தை வாங்கி, கல் நட்ட இடத்திலிருந்து அளந்தால் 540 மீட்டர் 430 ஆகும். அந்தத் தூரம் குறைந்ததும் பக்கத்துக் குவாரியும் கணக்கில் வந்துவிடும். மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டும். ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டாக வேண்டும். ஒன்று சாதாரணக் கல், மற்றது வண்ண கிரானைட், கனிமம் வேறு என்று சொல்லித் தொகுப்பைப் பிரிக்கப் பார்ப்பதும் உண்டு. அதற்கும் பதில் எழுதுவோம். ஒரு ஊருக்குப் பேச உரிமை உண்டா இல்லையா என்பது இப்படி ஒரு ஸ்கேலிலும் ஒரு புலப்பட நகலிலும் நிற்கிறது. அந்த 500 மீட்டரையும் 5 ஹெக்டேரையும் தீர்மானித்த அறிவிக்கை வரைவாக இருந்தபோது, எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆட்சேபணையாவது போயிருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன். போயிருக்காது. அப்படி ஒன்று வந்ததே இங்கே யாருக்கும் தெரியாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கள் பக்கம் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் நடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். கலெக்டரோ, அவர் சார்பில் உயர் அதிகாரி ஒருவரோ தலைமை தாங்குவார். நோட்டீஸ் 30 நாள் முன்னால் பேப்பரில் வர வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் தமிழில் தர வேண்டும். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அதனால் பயந்துகொண்டு வீட்டில் இருந்துவிட்டால் நஷ்டம் ஊருக்கு. பேசப்பட்ட ஒவ்வொரு கேள்வியும், அதற்குக் குத்தகைதாரர் சொன்ன பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்.

ஒரு கூட்டத்தில் வயதான ஒரு விவசாயி அம்மா, பேரன் நோட்டிலிருந்து கிழித்த தாளோடு வந்தார். முந்தின நாள் என்னிடம் காட்டியிருந்தார். கிணறு எத்தனை அடி, எந்த வருஷம் வெட்டியது, எந்தப் பக்கம் சுவர் சரிந்தது, வேட்டுச் சத்தம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று வரிசையாக இருந்தது. "தம்பி, கல்லே எடுக்க வேணாம்னு நான் சொல்லல. புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துல வேட்டு வைக்கக்கூடாது. வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும். இத அவங்க எழுதுவாங்களா?" என்று கேட்டார். "எழுத வைக்கலாம் பெரியம்மா, நீங்க மைக்கில சொல்லணும்" என்றேன். சொன்னார். உரத்துச் சொன்னார். மேடையில் இருந்தவர் அதைத் திரும்பப் படித்துக் காட்டும்வரை மைக்கை விடவில்லை. பின்னால் வந்த அனுமதியில் வேட்டு வைக்கும் நேரத்துக்கு வரம்பு நிபந்தனையாக இருந்தது, அபாயச் சங்கும் இருந்தது. 'எங்கள் நிலம் பாழாகும், இயற்கை அழியும்' என்று எழுதிக் கொடுத்திருந்த பல மனுக்களுக்கு 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற ஒரே பதில். சர்வே நம்பர், அடி, மணி என்று எழுதியவருக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டி வந்தது. ஆட்சேபணை எழுதுவது எப்படி என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் இன்றும் சொல்வது அந்தத் தாளைப் பற்றித்தான்.

இந்தக் கூட்டத்தின் மீதுதான் 2020 வரைவு கை வைத்தது. அந்த வருடம் மார்ச் 23-ஆம் தேதி அமைச்சகம் புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டது. ஏப்ரல் 11-இல் அரசிதழில் வந்தது. நாடே ஊரடங்கில் கிடந்த நேரம். கோர்ட் மூடியிருந்தது. இண்டூரில் தக்காளியைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது ஆட்களின் கவலை. நான் வீட்டில் உட்கார்ந்து அந்த வரைவை வரி வரியாகப் படித்தேன். கருத்துக் கேட்புக்கான நோட்டீஸ் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைகிறது. பல வகைத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே கிடையாது. சுரங்க அனுமதியின் காலம் 30 ஆண்டிலிருந்து 50 ஆண்டு வரை போகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை வருடத்துக்கு ஒன்று போதும். அனுமதி வாங்காமலே தொடங்கிவிட்டவர்கள் பின்னால் அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள நிரந்தர வழி. அப்படிப்பட்ட விதிமீறலைச் சொல்லும் தகுதி திட்டக்காரருக்கும் அரசு அமைப்புகளுக்கும் மட்டும். கிணற்றுச் சுவர் சரிந்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. என்னை மிகவும் பாதித்தது இந்தக் கடைசி விஷயம். எங்கள் மாவட்டத்தில் எந்த விதிமீறலையும் முதலில் கண்டு சொல்வது பக்கத்து நிலத்துக்காரர்தான். அவர் வாயை அடைத்துவிட்டால் மற்ற விதிகள் இருந்தும் பயனில்லை.

ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் வரைவை மொழிபெயர்க்கவும் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வாரங்களில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். அரசு தமிழில் தரும்வரை காத்திருக்காமல் தன்னார்வலர்கள் தமிழாக்கி வாட்ஸப்பில் அனுப்பினார்கள். நடிகர் கார்த்தி அறிக்கை வெளியிட்டதும் அரசிதழ் என்றால் என்னவென்றே கேட்காத பையன்கள் எனக்குப் போன் செய்து, "அண்ணா, ஆட்சேபணையை எந்த மெயிலுக்கு அனுப்பணும்?" என்று கேட்டார்கள். நாடு முழுவதுமிருந்து லட்சக்கணக்கில் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவில்லை.

வரவில்லை என்று பலர் நிம்மதியானார்கள். என்னால் அப்படி ஆக முடியவில்லை, ஏனென்றால் அது வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. 7 ஜூலை 2021-இல் ஒரு அலுவலகக் குறிப்பாணை: அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைக் கையாளும் நடைமுறை. 2022 ஜனவரியில் இன்னொன்று: மாநில ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை, எத்தனை நாளில் அனுமதி தந்தார்கள் என்பதற்கு மதிப்பெண். கேள்வி கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புகிற ஆணையத்துக்கு மதிப்பெண் குறையும் என்ற அந்த எண்ணமே தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கேள்வி கேட்பதற்காகத்தான் அந்த ஆணையம். 12 ஏப்ரல் 2022-இல் சுரங்க அனுமதியை 50 ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்ற திருத்தம். இது 2020 வரைவில் இருந்த அதே எண். ஒரு வரைவை மொத்தமாகக் கொண்டுவந்தால் மொத்தமாக எதிர்ப்பார்கள். பிரித்துக் கொண்டுவந்தால் படிக்கவே ஆள் இருக்காது. குறிப்பாணைக்கு அறுபது நாள் இல்லை, அரசிதழ் இல்லை, ஆட்சேபணை இல்லை. நான் இந்தத் தொழிலில் கண்ட மாற்றங்களில் கவலைப்பட வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: மக்கள் வரைவைப் படிக்கப் பழகிய நேரத்தில் வரைவே இல்லாமல் ஆள்கிற வழக்கம் பரவியது.

தொடங்கிய பிறகு தரப்படும் இந்தப் பின்னேற்பு அனுமதி விஷயத்தில் நீதிமன்றமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 2017-இல் மத்திய அரசு ஒரே ஒரு முறை, ஆறு மாத அவகாசம் மட்டும் என்று தொடங்கிய அந்த வழி, 2021 குறிப்பாணையில் நிரந்தரமானது. 16 மே 2025-இல் வனசக்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி என்றால் முன் அனுமதிதான் என்றது. அன்று எங்கள் பார் அசோசியேஷனில் நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மே மாதத் தீர்ப்பில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் மட்டும் மாறுபட்டு எழுதினார். அந்த மாறுபட்ட தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். என் கட்சிக்காரர்களுக்காக நான் வாதாடுவது அதில் இருக்கிறது.

ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் சட்டத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொன்ன ஒரு வழக்கு இருக்கிறது. சாலை, ரயில் பாதை போன்ற திட்டங்களுக்கு மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று 28 மார்ச் 2020-இல், ஊரடங்கு தொடங்கிய சில நாளில், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. வரைவு இல்லை, அறுபது நாள் இல்லை. பொதுநலன் என்று சொல்லி நோட்டீஸைத் தவிர்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது என்ன செய்யும் என்பது சாலை வேலை நடக்கிற எந்த ஊர்க்காரருக்கும் தெரியும். ஏரியின் உட்புறத்தில், மேட்டு நிலத்தில், கரட்டு அடிவாரத்தில் பொக்லைன் இறங்கும். எத்தனை லோடு, எவ்வளவு ஆழம் என்று கேட்டால் "ரோட்டு வேலைக்கு" என்ற ஒரு பதிலில் முடிந்துவிடும். 21 மார்ச் 2024-இல் நோபிள் எம். பைகடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஊரடங்கில் எல்லா வேலையும் நின்றிருந்தபோது மண் எடுப்பதற்கு மட்டும் என்ன அவசரம் வந்தது என்பதற்கு அரசிடம் பதில் இல்லை. மக்களின் ஆட்சேபணையைக் கேட்காமல் விட்டது தவறு, நல்ல சூழலில் வாழும் உரிமையோடு சேர்ந்தது அந்தப் பங்கேற்பு என்றது தீர்ப்பு. நான்கு வருடத்தில் எடுத்த மண் திரும்ப வராது. இருந்தாலும் விதி 5(3)-க்கு உயிர் கொடுத்த தீர்ப்பு அது. குறிப்பாணையை எதிர்த்து நான் எழுதும் மனுக்களில் இப்போது முதலில் சொல்லும் தீர்ப்பும் அதுவே.

அறிவிக்கைகளை விட்டு மசோதாக்களுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவை ஒரே நாளில் மூன்று மசோதாக்களை நிறைவேற்றியது: வனப் பாதுகாப்புத் திருத்தம், ஜன் விஸ்வாஸ், சுரங்கங்கள்-கனிமங்கள் திருத்தம். மூன்றும் எங்கள் மாவட்டத்தைத் தொடுகிறவை. மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு.

வனத் திருத்தத்தை எடுத்துக்கொண்டால், காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு ஆபத்து குறைவு. என் கவலை கரடுகளைப் பற்றியது. இண்டூரைச் சுற்றி நிறையக் கரடுகள் உண்டு. கிராமக் கணக்கில் அவை 'கல்லாங்குத்து', 'மலைப் புறம்போக்கு', 'தீர்வை ஏற்படாத தரிசு'. நேரில் போனால் வேலமும் ஊஞ்சையும் முளைத்த முள்காடு, ஆட்டுக்கு மேய்ச்சல், மயில், முயல். மழை பெய்தால் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று அங்கிருந்துதான். கல் குவாரி குத்தகைக்கு முதலில் போவதும் அவைதான். 12 டிசம்பர் 1996-இல் கோதவர்மன் வழக்கில், காடு என்றால் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடு, கணக்கில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கரடுகளுக்காக நாங்கள் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கொம்பு அது. 2023 திருத்தம், காடு என்று அறிவிக்கப்பட்டது அல்லது 25 அக்டோபர் 1980-க்குப் பிறகு காடு என்று ஆவணத்தில் ஏறியது மட்டுமே சட்டத்துக்குள் என்று குறுக்கியது. மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது. குழு ஒரு மாற்றமும் இல்லாமல் திருப்பி அனுப்பியது. 19 பிப்ரவரி 2024-இல் உச்ச நீதிமன்றம், பதிவேடுகள் தொகுக்கப்படும்வரை 1996 விளக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதனால் இப்போதைக்குக் கொம்பு கையில் இருக்கிறது. மாநில அரசும் இந்த விஷயத்தில் உறுதியாக நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் காப்புக்காடு உள்ளிட்ட வனப்பகுதிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று ஆணை போட்டது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டது. காடு சூழ்ந்த மாவட்டத்துக்கு அந்த ஒரு வருட ஆணை எவ்வளவு பெரிய காவல் என்பதை அதற்குள் பார்த்துவிட்டிருந்தோம்.

ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று வைத்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறைக்கு யாரும் போனதில்லையே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்களில் அந்த ஐந்து ஆண்டு என்ற வார்த்தைக்கு இருந்த பலம் எனக்குத் தெரியும். தண்ணீர் தெளிக்காமல் ஓடிய கிரஷரில் மறுநாளே தெளிப்பான் ஓடியது அதனால்தான். அபராதம் என்பது டீசல் செலவோடு சேர்ந்து கணக்கில் எழுதப்படும் ஒரு செலவு.

மூன்றாவது, கனிமத் திருத்தம். 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டு, ஏல அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதன் விளைவைத் தமிழ்நாடு அரிட்டாபட்டியில் பார்த்தது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது பேப்பரைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த 24-இல் மாலிப்டினமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அரூர் பகுதியில் மாலிப்டினம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பல காலமாக ஆராய்ந்து வருகிறது. 8 செப்டம்பர் 2025-இல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது: முக்கியக் கனிமச் சுரங்கங்கள் எந்தப் பரப்பாக இருந்தாலும் மத்திய அளவிலேயே பரிசீலிக்கப்படும், மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. அதாவது ஒரு ஜல்லிக் குவாரிக்கு அந்தப் பெரியம்மாவால் மைக்கைப் பிடித்துப் பேச முடிந்தது. நாளை அரூரில் மாலிப்டினம் தோண்டினால் அங்கிருக்கும் அவர் தங்கச்சிக்குப் பேச மண்டபமே இருக்காது. நாட்டுக்குக் கனிமம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்டு எந்த நேரத்தில் வைக்கலாம், தண்ணீர் எங்கிருந்து எடுக்கலாம், கழிவு மண் எந்த ஓடையில் விழும் என்பதை அந்த ஊரைக் கேட்காமல் டெல்லியில் யாராலும் எழுத முடியாது. இதை என் அனுபவத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் ஆபீஸில் காலை முதல் வேலை மின்-அரசிதழையும், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் பரிவேஷ் தளத்தையும் திறந்து பார்ப்பது. ஜூனியர்கள் முறை வைத்துப் பார்க்கிறார்கள். வரைவு வந்தால் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம். வந்த தேதி, கடைசித் தேதி, எங்கள் பக்கம் எதைத் தொடும் என்று. அனுமதி வழங்கப்பட்டது தெரிந்தால் அதற்கும் தேதி குறித்து வைக்கிறோம். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. சுருக்கத்தை ஊர் இளைஞர்கள் அங்கே படிக்கிறார்கள். சிலர் தெருவிளக்கு, நூறு நாள் வேலைக்கு வந்த இடத்தில் இது எதற்கு என்று சலித்துக்கொள்வதும் உண்டு. படித்து முடித்ததும் முதல் கேள்வி அவர்களிடமிருந்தே வருவதும் உண்டு.

மத்திய அரசிடம் நான் எழுதிக் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. 2014-இலேயே மத்திய அரசு முன்-சட்டமியற்றல் ஆலோசனைக் கொள்கை என்று ஒன்றை ஏற்றிருக்கிறது. மசோதா ஆனாலும் விதியானாலும் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்க வேண்டும் என்கிறது. அதைச் சட்டமாக்குங்கள். வரைவை அந்தந்த மாநில மொழியில் அரசே தரட்டும். அந்தத் தமிழ்ப் பிரதி பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து அறுபது நாள் தொடங்கட்டும். மக்கள் உரிமையைக் குறைக்கிற எதையும் குறிப்பாணையில் செய்யாதீர்கள். 8 செப்டம்பர் 2025 குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். சென்ற முறை நாங்கள் அனுப்பிய மனுவில் இந்த ஐந்தும் இருந்தன. அடியில் கையெழுத்துகளும், ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே கிணற்றின் சர்வே நம்பரும்.